சுவாமியார் வராத ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் கோவிலில் மணி அடிக்கும். சுவாமியார் வருகின்ற ஞாயிறாயினும் வராத ஞாயிறாயினும் மணியின் ஓசையிலே வேற்றுமை இல்லை. எனினும், வெளியூரிலிருந்து விருந்தாக வந்திருப்போர், "இன்றைக்குப் பூசை உண்டா?" என்று கேட்பதும், "பூசை இல்லை, வழிபாடு உண்டு" என்று நாங்கள் விடை கூறுவதும், "அப்படியானால் பிறகு பார்ப்போம்" என்று அவர்கள் மறுபடியும் பாயிலே சாய்ந்துகொள்வதும் எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டன. வாத்தியார் வராத நாளில் பள்ளிக்கூடம் போய் என்ன பயன் என்று அவர்கள் எண்ணுகிறார்கள் போலும். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. நாங்களும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

எங்களுடையது மன்னார்க் கரையிலுள்ள ஒரு சிற்றூர். பெயர் இங்கே வேண்டியதில்லை. ஏனெனில், சொல்லப்போகும் கதையில் எங்கள் வீட்டுக் குறையும் கலந்திருக்கிறது. ஏறக்குறைய நாற்பது குடும்பங்கள். முருகைக்கல்லாற் கட்டிய சுவரும் ஓட்டுக் கூரையும் உடையது கோவில். பங்குச் சுவாமியாருக்கு எங்களுடையதோடு ஐந்து கோவில்கள் பொறுப்பு. ஆகையால் மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்களுக்குக் கிடைக்கும். மாரியில் தாம்போதிக்கு மேலாக வெள்ளம் பாயுமாயின் அந்த இரண்டும் கிடையாமற் போவதுண்டு. எஞ்சிய ஞாயிறுகளில் நாங்களே கூடி, நாங்களே வாசித்து, நாங்களே செபித்துக் கலைவோம்.

எங்கள் வழிபாட்டின் ஒழுங்கை முதலிற் கூறிவிடுகிறோம். அன்றைய வழிபாட்டை நடத்துபவர் பீடத்தின் நடுவே நிற்பதில்லை. சுவாமியாருடைய நாற்காலி அதன் இடத்திலேயே இருக்கும். அதில் எவரும் அமர்வதில்லை. பாட்டு, பாவத்துக்காக மனம் வருந்தும் செபம், அன்றைய நாளுக்குரிய வேதாகம வாசகங்கள், சிறியதொரு விளக்கம், விசுவாச மந்திரம், மன்றாட்டுகள், பரலோக மந்திரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறும். அதன் பின்னர், முந்திய பூசையிலே சுவாமியார் வசீகரம் செய்து பேழையில் வைத்துச் சென்ற நற்கருணையை எடுத்து வழங்குவர். பூசையின் உயிர்நாடியாகிய அந்த நீண்ட நன்றிச் செபத்தை நாங்கள் தொடுவதில்லை, தொடவும் கூடாது. 1988ஆம் ஆண்டில் உரோமாபுரியிலிருந்து வெளிவந்த, குரு இல்லாவிடத்து நடைபெறும் ஞாயிறு வழிபாடு பற்றிய ஒழுங்குமுறை இவற்றையெல்லாம் வரையறுத்துக் கூறுகின்றது. வழிபாட்டை நடத்தும் பொதுநிலையினர் சமமானவர்களுள் ஒருவராகவே நடந்துகொள்ளல் வேண்டும் என்பது அதன் சாரம். சபையைப் பார்த்துக் குரு கூறும் வாழ்த்தை அவர் கூறலாகாது. ஆசீர்வாதம் வேண்டும்போதும், 'உங்களை' என்னாது 'எங்களை ஆசீர்வதிப்பாராக' என்றே வேண்டுதல் வேண்டும்.

இந்த ஒரு சொல்லினாலே எங்கள் கோவிலில் ஒரு தரம் சிரிப்பு எழுந்தது. முதன்முதலாக வழிபாடு நடத்தியவர், பல ஆண்டுகளாகச் சுவாமியார்மார் சொல்லக் கேட்ட பழக்கத்தினால், கையையும் சற்று உயர்த்தி, "உங்களை" என்று தொடங்கிவிட்டார். பெண்கள் பக்கத்தில் முன்வரிசைப் பாயிலிருந்த எங்கள் தாயார் உரத்த குரலில், "எங்களை!" என்று திருத்தினார். அவர் உயர்த்திய கையை மெல்ல இறக்கி, வேட்டியைச் சரிசெய்பவர் போலச் சமாளித்துக்கொண்டு, "எங்களை" என்று முடித்தார். அன்றிலிருந்து எவரும் அந்த இடத்திலே தவறியதில்லை.

இது ஏதோ புதுமை என்று எங்களிற் சிலர் ஆரம்பத்தில் முணுமுணுத்தனர். உண்மையில் இது எங்கள் நாட்டிற் பழையதினும் பழையது. 1658ஆம் ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. குருமார் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுப்போருக்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. கோவாவிலே பிறந்த யோசேப் வாஸ் முனிவர் கூலிக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது 1687இல். இடையிலே இருபத்தொன்பது ஆண்டுகள். ஒரு தலைமுறைக் காலம்! அந்த இருபத்தொன்பது ஆண்டுகளிலும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் யார்? இரவிலே கதவைச் சாத்தி வைத்துச் செபமாலை சொல்லிக்கொடுத்தவர் யார்? செத்தவரைச் செபம் சொல்லிப் புதைத்தவர் யார்? எவருடைய பெயரும் எங்களுக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது வேதம் ஒன்றே. வாஸ் முனிவர் கழுத்திலே செபமாலையைத் தரித்துக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை ஏற்றார்; எந்த வீட்டார் அதைக் கண்டு முகம் மலர்கின்றனர் என்று பார்த்தே கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார் என்பது வரலாறு. பின்னர்ச் சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. ஆட்டைத் தேடி மேய்ப்பன் வந்தான் என்று பிரசங்கத்திலே கேட்டிருக்கிறோம். அவர் வரும்வரைக்கும் ஆடுகள் சிதறாது பட்டியிலேயே நின்றதைப் பற்றி எவரும் பிரசங்கித்து நாங்கள் கேட்டதில்லை.

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகும்போது அவர் கோவில்களை வெறுமையாக விட்டுச் செல்லவில்லை. ஊர்தோறும் மூப்பர் ஒருவரையும் அண்ணாவியார் ஒருவரையும் ஏற்படுத்தினார். கோவிற் காரியங்களை மேற்பார்வை செய்வதும், சபையைக் கூட்டுவதும், குரு இல்லாவிடத்து ஞானஸ்நானம் கொடுப்பதும், செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு வேதம் படிப்பிப்பதும் அவர்கள் கடமை. (அண்ணாவியார் என்றால் இன்று எங்கள் பக்கத்தில் கூத்துப் பழக்குபவரையே எவரும் நினைப்பர். இரண்டு தொழிலுக்கும் நல்ல குரலும் நிறைந்த பொறுமையும் வேண்டியிருப்பதால், சொல் அதிக தூரம் போய்விடவில்லை என்றே கூறலாம்.) அவர்களுடைய வாய்க்கு நல்ல தமிழ் கொடுத்தவர் 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தபசு காலத்திலே எங்கள் மூப்பர் வாசிக்கும்போது, எழுத்தறியாத கிழவிமாரும் அடுத்த வசனத்தை உதட்டுக்குள்ளே முன்கூட்டிச் சொல்லிக்கொண்டிருப்பர்.

இத்தகைய வரலாறு எங்கள் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கொரியா நாட்டிலே 1784ஆம் ஆண்டில், பீக்கிங் நகரில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய பொதுநிலையினர் ஒருவரால் திருச்சபை வேரூன்றிற்று. குருவானவர் அங்கே போய்ச் சேர்ந்தது ஏறக்குறையப் பத்தாண்டுகளின் பின்னரே. எங்கோ ஒரு நாட்டிலும் எங்களைப் போன்றவர்கள் இருந்தனர் என்பதை அறிந்தபோது, அயலூரில் உறவினர் இருப்பதாகக் கேள்விப்பட்டாற் போன்ற மகிழ்ச்சி எங்களுக்கு உண்டாயிற்று.

எங்கள் சிறுபிராயத்திலே பூசை இலத்தீன் மொழியில் நடந்தது. சுவாமியார் பீடத்தை நோக்கி நின்று தமக்குள்ளே செபித்துக்கொண்டிருக்க, கீழே மூப்பர் செபமாலையைத் தொடங்குவார். பீடத்திலே ஒரு வழிபாடும் பாயிலே ஒரு வழிபாடுமாக நடந்து, எழுந்தேற்றத்தின்போது அடிக்கும் சிறுமணியிலே இரண்டும் சந்தித்துக்கொள்ளும். 1963ஆம் ஆண்டு மார்கழியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டதன் பின்னரே தமிழ் பீடமேறிற்று. குரு இல்லாத இடங்களில் மேற்றிராணியாருடைய அனுமதி பெற்ற ஒருவர் வேதவார்த்தை வழிபாட்டை நடத்தலாம் என்பதும் அந்தச் சாசனத்திலேயே இருக்கிறது. மூப்பருக்கு அதை வாசித்துக் காட்டியபோது அவர் மிகவும் அமைதியாக, "இதைத்தானே நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம்" என்றாராம்.

அந்த மூப்பரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டில் ஊர் கலைந்தது. வள்ளங்களில் ஏறி இராமேசுவரம் சேர்ந்து, அங்கிருந்து மண்டபம் முகாமுக்குச் சென்றோம். பெட்டியையும் படுக்கையையும் விட்டுவந்தவர்கள் பலர். நகையை விட்டுவந்தவர்களும் உண்டு. மூப்பர் கோவிற் சாவியை இடுப்பிலே முடிந்துகொண்டு வந்தார். முகாமில் மாலைதோறும் கொட்டிலுக்கு வெளியே பாயை விரித்துச் செபமாலையைத் தொடங்குவார். நாங்கள் வந்து சேர்ந்துகொள்வோம். எங்கள் ஊர்ப் பாட்டின் இராகம் கேட்டு, வேறு ஊர்களைச் சேர்ந்தவர்களும் வந்து உட்கார்வர். அங்கேயே அவர் காலமானார். 1992ஆம் ஆண்டின் பின் சிறுகச் சிறுக நாங்கள் திரும்பிவந்து பார்த்தபோது கோவிலின் கதவு இல்லை, நிலையும் இல்லை. கதவும் பூட்டும் இல்லாத கோவிலுக்குச் சாவி மட்டும் பத்திரமாக இருந்தது. அச்சாவி அவருடைய பேரனார் வீட்டிலே இன்றும் ஓர் ஆணியில் தொங்குகிறது.

பேரனார் கரைவலைச் சம்மாட்டியார். எங்கள் கதை இனி அவரோடு சம்பந்தப்பட்டது.

அதற்கு முன்னர், பிரசங்கம் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லாது போனால் இக்கட்டுரை உண்மையுடையதாகாது. வாசகத்தின் பின் சிறியதொரு விளக்கம் உண்டென்று மேலே எழுதினோம். 'சிறியது' என்பது ஒழுங்கு, நடைமுறை வேறு. சங்கக் கடையிலே மனேச்சராயிருந்து இளைப்பாறிய ஒருவர், தம் முறை வந்த முதல் ஞாயிற்றில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது பேசினார். நோவாவின் பேழையில் ஆரம்பித்து எண்ணெய் விலையில் வந்து நின்றார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் பின் ஒருவராக எழுந்து, வலை காய்கிறதா என்று பார்க்கப் போய்விட்டனர். கடைசியில் பெண்களும் பிள்ளைகளுமே எஞ்சினர். அவர்களும் எழுந்திருப்பர், பாயைச் சுருட்டினாற் சத்தம் கேட்குமே என்று அஞ்சியிராவிடின். இப்போதெல்லாம் சுவாமியார் வழங்கும் குறிப்பை வாசிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பெண் ஒருவர் முன்னே நின்று வழிபாடு நடத்துவது பற்றியும் சில காலம் சலசலப்பு இருந்தது. எங்கள் ஊர் ஆசிரியை ஒருத்தி நடத்திய வழிபாடு முப்பத்தைந்து நிமிடத்தில் அழகாக முடிந்ததைக் கண்டபின் அந்தச் சலசலப்பு தானாகவே அடங்கிவிட்டது. வாசகர் பணியும் பீடப்பணியும் பெண்களுக்கும் முறைப்படி அளிக்கப்படலாம் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு தை மாதத்தில் சட்டத்தைத் திருத்தியபோது, எங்கள் பக்கத்தில் அது செய்தியாகவே படவில்லை.

இனி வழக்குக்கு வருவோம். கரைவலைத் தொழிலை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: கரை முழுவதும் பாடுகளாக வகுக்கப்பட்டிருக்கும். ஒரு பாட்டில் பல வலைக்காரருக்கு உரிமை இருக்குமாயின், முறைவைத்தே வளைக்க வேண்டும். ஒருவருடைய முறையில் மற்றவர் வலையை இறக்குவது, ஒருவர் வீட்டு அடுப்பிலே மற்றவர் உலையை வைத்ததற்குச் சமம். 2014ஆம் ஆண்டு சித்திரையில் எங்கள் தமையனாருடைய முறைநாளில் அந்தச் சம்மாட்டியார் வலையை வளைத்துவிட்டார். முதல்நாள் காற்றினால் தம்முடைய முறை வீணாயிற்று, அதற்கு ஈடாகவே வளைத்தேன் என்பது அவர் நியாயம். காற்றுக்கு நாங்கள் பொறுப்பாளிகள் அல்லோம் என்பது எங்கள் நியாயம். அன்றைக்கென்று அவருடைய மடியிலே நல்ல மீனும் பட்டுவிட்டது. வெறும் மடியாக வந்திருந்தால் வார்த்தையோடு போயிருக்கும். கரையிலே கைகலப்பாகி, கந்தோருக்கு மனுக்கள் போயின. அதுவரை "மச்சான், மச்சான்" என்று அழைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறும் அழைக்காமல் விட்டார்கள்.

அந்த ஆண்டு ஆனி மாதத்தில் சுவாமியார் அந்தச் சம்மாட்டியாரையே நற்கருணைப் பணியாளராக நியமித்தார். வழக்கை அறிந்து செய்தாரா, அறியாது செய்தாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பாட்டனார் மூப்பர், அவரும் ஒழுக்கமுள்ளவர், மேற்றிராணியாரின் அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. குறைசொல்ல இடமில்லை. 1973ஆம் ஆண்டிலிருந்தே திருச்சபை இவ்வாறு பொதுநிலையினரை நியமிக்க இடமளித்திருக்கிறது. ஆனால் சட்டம் தெரிந்தால் மனம் ஒப்பிவிடுமா? எங்கள் முறையில் வலையிழுத்த கை, எங்கள் நாவிலே நன்மையை வைப்பதா?

தமையனார் வரிசைக்குப் போகவில்லை. நாங்களும் போகவில்லை. சுவாமியார் வரும் ஞாயிறுகளில் முன்வரிசையில் நின்று நன்மை வாங்குவோம். அவர் வராத ஞாயிறுகளில் கடைசித் தூணருகே அமர்ந்து, மற்றவர்கள் எழுந்து போகும்போது செபப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். நாற்பது குடும்பங்கள் உள்ள கோவிலில் ஒரு குடும்பம் எழுந்திராமல் இருப்பது ஊரறிய நடக்கும் செயல். குரு முன்னிற்கும்போது எங்கள் பகைக்கு ஒரு திரை இருந்தது. அவர் இடையிலே நின்றதால் நாங்கள் ஒருவரையொருவர் பாராமலே கோவிலுக்குப் போய்வர முடிந்தது. அவர் இல்லாதபோது அத்திரை இல்லை. எதிரிலே நிற்பவர் அயல்வீட்டார். அவர் நீட்டுவதோ நாங்கள் மறுக்கவொண்ணாதது.

தாயார் மட்டும் போனார். முதல் ஞாயிற்றிலேயே ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, எங்களைத் திரும்பியும் பாராமற் போய் வாயைத் திறந்தார். வீட்டுக்கு வந்ததும் தமையனார், "அம்மா, உங்களுக்கு மானம் இல்லையா?" என்று கேட்டார். "நான் அவரிடம் மீன் வாங்கப் போகவில்லையே" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

அந்த மார்கழியில் மழை விடாது பெய்தது. தாம்போதிக்கு மேலே இடுப்பளவு வெள்ளம். எண்பத்து நான்கு வயதாகியிருந்த தாயாருக்கு நெஞ்சிலே சளி கட்டி மூச்சு இழுத்தது. படகிலே கொண்டுபோவதற்குக் கடலும் விடவில்லை. தமக்கு முடிவு நெருங்கிற்று என்பதை எங்களுக்கு முன்னரே அவர் அறிந்துகொண்டார். பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அவஸ்தைப் பூசுதல் பெற வேண்டும் என்றார். சுவாமியார் வெள்ளத்துக்கு அப்பால் வேறொரு கோவிலில் இருந்தார். கைத்தொலைபேசியில் அழைத்தோம். "போனிலே பாவத்தைச் சொல்லலாமா, சுவாமி?" என்று தாயார் கேட்டார். அவ்வாறு செய்ய முடியாதென்று அவர் விளக்கினார். அவருடைய குரலிலும் துயரம் இருந்தது. மனத்தாபமும், முடியும்போது குருவிடம் அறிக்கையிடும் எண்ணமும் உண்டாயின் உத்தம மனஸ்தாபத்தினாலேயே மன்னிப்புக் கிடைக்கும் என்று தேறுதல் கூறி, அந்தச் செபத்தை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பாதியிலே இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடியும் கிடைக்கவில்லை.

தாயார் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் இருந்தார். பின்னர், "நன்மை வேண்டும்" என்றார்.

நன்மையை நோயாளியின் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடியவர் ஊரில் ஒருவரே இருந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இளையவர்களில் ஒருவரை அனுப்பலாம் என்ற பேச்சு எழுந்தது. தமையனார் ஒன்றும் சொல்லாமல் லாந்தரை எடுத்துக்கொண்டு மழையிலே இறங்கினார்.

அங்கே நடந்ததை அவர் எங்களுக்கு விரிவாகச் சொன்னதில்லை. கதவைத் தட்டி, "அம்மாவுக்கு நன்மை வேணும்" என்று மட்டும் சொன்னாராம். மச்சான் என்று சொல்லவில்லை. மற்றவரும் ஒன்றும் கேட்கவில்லை. சால்வையை எடுத்துப் போர்த்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். கோவிலிலிருந்து சிமிழிலே நற்கருணையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அவர் நடக்க, முன்னே லாந்தர் பிடித்துக்கொண்டு தமையனார் வந்தார். நற்கருணைக்கு முன்னே விளக்குப் பிடித்துச் செல்வது பழைய வழக்கந்தானே. மழைக்கு ஒரு குடைதான் இருந்தது. அந்தக் குடையை விளக்குக்குப் பிடிப்பதா, நன்மை கொண்டுவருபவருக்குப் பிடிப்பதா என்று தெரியாமல், இரண்டுக்கும் நடுவே பிடித்ததால் இருவரும் நனைந்து வந்து சேர்ந்தார்கள்.

தாயார் எங்களை வெளியே போகச் சொன்னார். "சுவாமியாரிடம் சொல்ல இருந்ததிலே பாதி இந்தத் தம்பியிடம் சொல்ல வேண்டியதுதான்" என்றார். நாங்கள் தாழ்வாரத்திலே நின்றோம். உள்ளே என்ன சொன்னார், எவ்வளவு சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியாது. பாட்டு வழக்கிலே அவரும் கரையில் நின்று மண்ணை வாரித் தூற்றியவர் என்பது மட்டும் தெரியும். அது பாவசங்கீர்த்தனம் அன்று. கேட்டவர் மன்னிப்பு வழங்க அதிகாரம் உடையவரும் அல்லர். அவரும் அதனை நன்கறிவார். ஆயினும் அன்று கேட்டதை அவர் எவரிடமும், தம் வீட்டாரிடங்கூடச் சொன்னதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

திரும்ப உள்ளே போனபோது அவர் முழந்தாளிட்டிருந்தார். சுவாமியாரின் குரல் அறுந்த இடத்திலிருந்தே உத்தம மனஸ்தாபச் செபத்தைத் தொடங்கினார். அந்த இடத்தைத் தாயார்தாம் சொல்லியிருக்க வேண்டும். பரலோக மந்திரம் சொன்னோம். தாயார் நன்மை வாங்கினார். ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தோம். இறுதியிலே, "எல்லாம் வல்ல சர்வேசுரன் எங்களை ஆசீர்வதிப்பாராக" என்று அவர் சொன்னபோது, தாயாருடைய உதடு அந்தச் சொல்லிடத்தில் அசைந்ததைக் கண்டோம்.

மறுநாட் காலையிலே உயிர் பிரிந்தது. வெள்ளம் வடியாததால் ஊரார் கூடிச் சேமக்காலைக்குக் கொண்டுபோனோம். அடக்கச் செபங்களையும் அவரே நடத்தினார். சுவாமியார் நான்காம் நாள் வந்து கல்லறையை மந்திரித்து, எங்கள் வீட்டிலே ஒரு பூசையும் வைத்தார். அபிஷேகம் பெறாமற் போய்விட்டாரே என்ற துயரம் எங்களை நெடுநாள் வாட்டிற்று. வேதசாஸ்திரம் தரும் ஆறுதலை அறிவோம். அதை அவருக்குச் சொன்னதும் நாங்களே. எனினும், குரு ஒருவர் அருகில் இருந்திருக்கலாம் என்னும் ஏக்கம் இன்னும் தீரவில்லை. பொதுநிலையினர் தாமே கூடி வழிபடும் கோவிலுக்குக் குரு வேண்டியதில்லை என்று எவரேனும் எண்ணுவராயின், அவர்கள் அந்த இரவில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலே நின்றவர்கள் அல்லர்.

அடுத்த ஞாயிறும் சுவாமியார் வராத ஞாயிறு. நன்மை வாங்க எல்லாரும் எழுந்தபோது நாங்களும் எழுந்தோம். தமையனார் எங்களுக்குக் கடைசியில் நின்றார். அவருடைய முறை வந்தபோது கையை நீட்டினார். அவருடைய கையில் நற்கருணை வைக்கப்பட்டது. "கிறீஸ்துவின் உடல்" என்றார் ஒருவர். "ஆமென்" என்றார் மற்றவர். எட்டு மாதத்தில் அவர்கள் கோவிலுக்குள் பேசிக்கொண்ட முதற் சொற்கள் அவைதாம்.

சில வாரங்களின் பின், 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் தேதி, காலையிலே கொழும்பு காலிமுகத் திடலில் யோசேப் வாஸ் முனிவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்த பாப்பரசர் பிரான்சிஸ், பிற்பகலிலே மருதமடுத் திருப்பதிக்கு வந்தார். எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ்வண்டி அமர்த்திக்கொண்டு போனோம். தாயாருக்கென்று முன்னரே கட்டணம் செலுத்தி ஒதுக்கியிருந்த ஆசனம் ஒன்று இருந்தது. அதில் எவரும் உட்காராமல் வண்டி புறப்பட்டது. நெரிசலாற் பாதி வழியிலே நின்றுகொண்டிருந்த சம்மாட்டியாரைத் தமையனார் பார்த்து, அந்த ஆசனத்தின் மேலிருந்த பையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அவர் அமர்ந்தார். மடு வரும்வரைக்கும் இருவரும் ஒன்றும் பேசியதாகத் தெரியவில்லை.

பாட்டு வழக்கு இன்னும் முடியவில்லை. கந்தோரில் உத்தியோகத்தர்கள் மாறிக்கொண்டிருக்கிறார்கள். காகிதக் கட்டு மட்டும் தடித்து வருகிறது. "மச்சான்" என்ற சொல் திரும்பிவந்ததா என்று எவரேனும் கேட்பின், பிள்ளைகளின் கலியாண வீட்டிலே ஒரு தரம் கேட்டதாகச் சிலர் கூறுகின்றனர், நாங்கள் கேட்கவில்லை. ஆனால் வலைமுறை மாறிவரும் நாட்களில், கரைக்குப் போகுமுன் ஒருவர் மற்றவர் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்பது இப்போது வழக்கமாயிருக்கிறது.

வருகின்ற ஞாயிறு பெந்தகோஸ்தே திருநாள். மற்றக் கோவில்களுக்கே சுவாமியார் போக வேண்டியிருப்பதால் எங்களுக்கு வழிபாடுதான். வாசக முறை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அன்றைய வாசகத்திலே, யெருசலேமில் கூடியிருந்த பல தேசத்தாருடைய பெயர்கள் வரிசையாக வரும். சென்ற தரம் வாசித்த பையன் எலாமியரில் இடறி மெசொப்பொத்தாமியாவில் விழுந்து, கோவில் முழுவதும் சிரித்துவிட்டது. இம்முறை வாசிக்கப் போகின்றவள் தமையனாருடைய பேர்த்தி. மூன்று நாளாக அடுப்பங்கரையில் தேங்காய் துருவிக்கொண்டே பார்த்தியர், மேதியர், எலாமியர் என்று உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறாள். பிழைவிடும் போதெல்லாம் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் தமையனார் திருத்துகிறார். அவர் திருத்துவதும் பிழையாகவே இருக்கிறது. சரியான உச்சரிப்பை எவரிடம் கேட்பது என்று யோசித்து, இன்று மாலை அவளைச் சம்மாட்டியார் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.